டேஷ்போர்டில் எரியும் சின்ன விளக்கு: நம் ஊர்க் கார்களின் ஒரு சிறு வரலாறு

நமது குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு மாலை நேரம் மெதுவாக நடந்து பாருங்கள். பெரிய திரை வைத்த புதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். நடுவே எங்காவது ஒரு மூலையில், துணி உறை போர்த்தி, சக்கரத்தில் காற்று இறங்கி, ஒரு பழைய மாருதி 800 அல்லது பிரீமியர் பத்மினி நிற்கும். அதன் சொந்தக்காரர் விற்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார். அசோசியேஷன் கூட்டத்தில் அந்த இடத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மட்டும் முகம் வாடிப்போவார்.

அடுத்த முறை அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரு வட்டமோ நீள்சதுரமோ, அதில் இரண்டு மூன்று முட்கள், பொட்டு வைத்தது போல நான்கைந்து சின்ன விளக்குகள். அவ்வளவுதான். இன்று நீங்கள் சாவியைத் திருப்பினால் கோயில் திருவிழா போல விளக்குகள் வரிசையாக எரிந்து அணைகின்றன. அவற்றில் எத்தனைக்கு நமக்கு அர்த்தம் தெரியும்? அந்தப் பழைய வண்டி ஓட்டியவருக்கு இருந்த நான்கு விளக்குக்கும் அர்த்தம் தெரியும். தெரியாமல் வண்டி ஓட்ட முடியாத காலம் அது.

இந்த இதழில் அந்த முட்களும் விளக்குகளும் வந்த கதையைச் சொல்கிறேன். படித்து முடிக்கும்போது உங்கள் வண்டிக்கும் அது உபயோகப்படும்.

சேறு தடுத்த பலகை

முதலில் பெயர். டேஷ்போர்டு என்பது காருக்காக உண்டான சொல் அல்ல. குதிரை வண்டியில், ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு பலகையோ தோலோ வைத்திருப்பார்கள். குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு மேலே தெறிக்காமல் இருக்க அது. குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பலகை அங்கேயே நின்றது. ஏதாவது மாட்டி வைக்க வசதியாக இருந்ததால் மீட்டர்கள் அங்கே குடியேறின.

ஆரம்பகாலக் கார்களில் மீட்டர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுப்பார்கள். நம் வீட்டில் சம்ப்பில் தண்ணீர் பார்க்கும் அதே முறை. இன்ஜின் சூட்டைப் பார்க்க 1912ல் அமெரிக்காவில் பாய்ஸ் என்பவர் ஒரு வெப்பமானிக்குக் காப்புரிமை வாங்கினார். அது இருந்தது உள்ளே அல்ல, பானெட்டின் முன்னால் ரேடியேட்டர் மூடியின் மேலே. ஓட்டுபவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்து, சிவப்புத் திரவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகமானி அதற்கும் முந்தையது. 1902ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே என்ற பொறியாளர் காப்புரிமை பெற்ற முறைதான் ஏறத்தாழ 80 ஆண்டுகள் உலகம் முழுக்க ஓடியது. நமது பழைய கார்களிலும் அதுவேதான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டருக்கு வரும். அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலச் சுழலக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் திருப்பி இழுக்கும். இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும் இடம்தான் வேகம். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

கேபிளில் கிரீஸ் காய்ந்துவிட்டால் முள் நடுங்க ஆரம்பிக்கும். 30க்கும் 50க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அறுந்துபோனால் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும், கூடவே ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் நின்றுவிடும். சிலர் விற்பதற்கு முன்னால் கேபிளை வேண்டுமென்றே கழற்றி வைத்ததும் உண்டு. பழைய வண்டி வாங்கப் போகிறவர் மீட்டரில் இருந்த எண்ணை நம்பாமல், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தைப் பார்த்தது அதனால்தான்.

அந்த நாளைய வேகமானிகள் மைலில் எண் காட்டின. 1956ல் எடை, அளவைகளுக்கான சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. சாலையோரக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறின, மீட்டர்களும் மாறின. நடுவில் சில ஆண்டுகள், கல் ஒரு கணக்கும் கார் ஒரு கணக்கும் சொன்ன காலம். மீட்டர் 60 காட்டினால் உண்மையில் 96 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் நம் வாயில் இருக்கிறது: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும்போதும் ‘மைலேஜ் என்ன?’ என்றுதானே கேட்கிறோம்.

மெட்ராஸில் பிறந்த கார்

நம் ஊருக்கென்று ஒரு கார் இருந்தது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948ல் தொடங்கியது. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் பக்கம் அதன் தொழிற்சாலை. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் 8, 10, பென்னன்ட் என்று வந்து, 1961ல் ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டுதான் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 948 சி.சி. இன்ஜின், இரண்டு கதவு. பின்னர் மார்க் 3 என்ற நான்கு கதவு வண்டியை இங்கே தயாரித்தார்கள். 1972ல் கேஸல் வந்தது. 1985ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 சரியாகப் போகவில்லை. 1980களின் இறுதியோடு கார் உற்பத்தி நின்றுபோனது.

மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் வீடுகளின் வாசலில் டாக்டர்களும் வக்கீல்களும் பேராசிரியர்களும் வைத்திருந்த வண்டி அது. கல்கத்தாப் பக்கம் உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர் பெரிய குடும்பத்துக்கு, பம்பாயின் ஃபியட் (1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது) நடுத்தரத்துக்கு, நம் ஊர் ஹெரால்ட் சின்னக் குடும்பத்துக்கு.

இந்த வண்டிகளில் எல்லோரும் தினமும் பார்த்தது பெட்ரோல் முள். தொட்டிக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் அடியில் ஒரு மின்தடைச் சுருள். பெட்ரோல் இறங்க மிதவையும் இறங்கும், மின்னோட்டம் மாறும், முள் நகரும். வண்டி சாய்ந்தால் பெட்ரோலும் சாயும். 1973ல் ஜெமினி மேம்பாலம் திறந்த பிறகு, ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு காட்டும் முள்ளைப் பார்த்து, பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். பிறகு வந்த மீட்டர்களில், சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று முள்ளைத் தள்ளியது. அது மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் முள் அவசரப்படாது. சாவியைத் திருப்பியதும் சோம்பலாக எழுந்து வரும் அந்த முள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வகை மீட்டர்களில் பெட்ரோல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அனுபவப்பட்ட மெக்கானிக் ஒரு விஷயம் சொல்வார்: இன்ஜின் சூடு மட்டும் ஏறினால் பயப்படு, பெட்ரோலும் சூடும் சேர்ந்து ஏறினால் பயப்படாதே, ஸ்டெபிலைசரை மாற்று. போடாத பெட்ரோல் தானாக ஏறுமா?

முள்ளா, விளக்கா?

இன்ஜினைக் காப்பாற்ற மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ஆயிலின் அழுத்தம், தண்ணீரின் சூடு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்பது. முதலில் மூன்றுக்கும் முள் வைத்த மீட்டர்கள் இருந்தன. மீட்டர் விலை அதிகம், அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். 1930களின் நடுவில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம், ஆயிலுக்கும் சார்ஜுக்கும் முள்ளை எடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கு வைத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். விலை குறைந்த சின்னக் கார்களுக்கு அதுவே வழக்கமாயிற்று.

அன்று எழுந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. முள் மெல்ல நகர்வதால், ஆபத்து வருவதற்கு முன்பே சொல்லும். விளக்கு ஆபத்து வந்த பிறகுதான் சொல்லும். ஆனால் முள்ளை யார் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? விளக்கு கண்ணைக் குத்தும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

ஆயில் விளக்கின் வேலை எளிது. இன்ஜினில் ஒரு சின்ன சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். ஆயில் அழுத்தம் வந்ததும் ஸ்பிரிங்கைத் தள்ளி இணைப்பைத் துண்டிக்கும், விளக்கு அணையும். அழுத்தம் போனால் மீண்டும் எரியும். இதில் கவனிக்க வேண்டியது, அது ஆயிலின் அளவைச் சொல்லவில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும் நேரத்தில் இன்ஜினின் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கியிருக்கலாம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சார்ஜ் விளக்கு இன்னும் சுவாரசியமானது. விளக்கின் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை டைனமோப் பக்கம். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் மட்டும் மின்சாரம், எனவே விளக்கு எரியும். டைனமோ ஓடி அதே அளவு வோல்டேஜ் தந்தால் இரண்டு பக்கமும் சமம், நடுவில் இருக்கும் விளக்கு வழியாக மின்சாரம் ஓடாது, அணையும். தராசு சமமானால் முள் நடுவில் நிற்பது போலத்தான். பழைய டைனமோ இன்ஜின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராது. அதனால் இரவில் பனகல் பார்க் சிக்னலில் நின்றால் அந்தச் சிவப்பு மினுக்கும், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டினால் அணையும். ஆல்டர்னேட்டர் வந்த பிறகு அந்த மினுக்கல் போயிற்று. இந்த டைனமோக்களும் ஸ்டார்ட்டர்களும் நம் ஊரிலேயே உருவாயின. 1961ல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். பாடியில்தான் இருக்கிறது. மீட்டர்களுக்குக் கோயம்புத்தூரின் பிரிகால் 1970களின் நடுவிலிருந்து பெயர் பெற்றது.

இந்தச் சார்ஜ் விளக்கு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரம் போன கதை

1990களின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. மைத்துனி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, நானும் மனைவியும் மாமியாரும் காஞ்சிபுரம் கிளம்பினோம். மே மாதம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ‘என்னங்க அது?’ என்றாள் மனைவி. ‘பேட்டரிதான். காஞ்சிபுரத்தில் பார்த்துக்கலாம்’ என்றேன். வண்டி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. வெயில் என்று நினைத்தேன். சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே முள் இறங்க ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. ‘பார்த்தியா, சரியாயிடுச்சு’ என்று சொல்லி முடித்த இரண்டாவது நிமிடம், இன்ஜினில் ஒரு தட்டும் சத்தம், வேகம் குறைந்தது, வண்டி நின்றது. அதன் பிறகு செல்ஃப் எடுக்கவே இல்லை.

இரண்டு மணி நேரம், நிழலே இல்லாத சாலையில், மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு புளியங்கன்றின் அருகே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. லாரியில் கட்டி இழுத்து வந்து, மயிலாப்பூரில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சார், பேட்டரி படம் போட்டிருந்தா பேட்டரியைச் சொல்லுதுன்னு நினைச்சீங்க. அது பெல்ட்டு அறுந்துபோச்சுன்னு சொல்லியிருக்கு.’

ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் அந்த வண்டியில் தண்ணீர் பம்ப்பையும் சுற்றியது. பெல்ட் அறுந்ததும் இரண்டும் நின்றன. சார்ஜ் விளக்கு உடனே எரிந்து சொன்னது. பம்ப் நின்றதால் தண்ணீர் கொதித்தது, முள் ஏறிச் சொன்னது. கொதித்த தண்ணீர் வெளியேறிய பிறகு, சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீர் இல்லாமல் ஆவியிலும் காற்றிலும் நின்றது. அதனால்தான் முள் இறங்கியது. இன்ஜின் குளிர்ந்து இறங்கவில்லை. அளப்பதற்குத் தண்ணீரே இல்லாமல் இறங்கியது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்ட நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட் கோணிக்கொண்டிருந்தது. அந்த வருட போனஸ் முழுவதும் அதற்குப் போயிற்று. விளக்கு எரிந்ததும் நிறுத்தியிருந்தால் ஒரு பெல்ட் விலையோடு முடிந்திருக்கும்.

எழுத்து போய்ப் படம் வந்தது

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி. இன்ஜின். அதன் டேஷ்போர்டில் நம் நாட்டுச் சின்னக் கார் வாங்குபவர் பலர் முதன்முறையாகப் பார்த்தது படங்களை. முந்தைய வண்டிகளில் ஆயில், இக்னிஷன், ஃபியூவல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அல்லது வெறும் முதல் எழுத்து. ஆங்கிலம் படிக்காத டிரைவர்கள் நிறத்தையும் இடத்தையும் வைத்து நினைவில் கொண்டார்கள்.

படங்களோ எந்த மொழிக்காரருக்கும் பொது. இவற்றை வரையறுக்கும் உலகத் தர விதிக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்று எண். நுனியில் சொட்டு விழும் எண்ணெய்க் குடுவை, ஆயில். நம் கண்ணுக்கு அது காமாட்சி விளக்கு போலவே தெரியும். பிளஸ், மைனஸ் போட்ட பெட்டி, சார்ஜ். அலையில் முக்கிய வெப்பமானி, தண்ணீர்ச் சூடு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, பிரேக். கைப்பிரேக் இழுத்திருக்கலாம், பிரேக் ஆயில் குறைந்தும் இருக்கலாம். நீலம், ஹெட்லைட் உயரே அடிக்கிறது என்பது. எதிரே வருபவர் கண் கூசுகிறது என்பதை நமக்கு நினைவூட்டும் ஒரே விளக்கு அதுதான். ஊருக்குள் அது எரியவே கூடாது.

2000ஆம் ஆண்டு வாக்கில் புகை விதிகள் கடுமையாகி, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. கூடவே மஞ்சளில் இன்ஜின் படம் போட்ட புதிய விளக்கு. அதுவரை விளக்குகள் ஒரு சுவிட்ச் சொன்னதைச் சொல்லின. இது ஒரு கம்ப்யூட்டர் பல சென்சார்களைக் கேட்டுவிட்டுச் சொல்வது. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ். 4 விதி வந்தபோது, வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓ.பி.டி. முறையும் வந்தது. 2019 ஜூலை முதல், புதிய கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கையும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலியும் கட்டாயமாயின. மாருதி 800 மட்டும் அதற்குள் விடைபெற்றுவிட்டது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது.

ஒரு வேடிக்கை. விளக்குகள் பெருகப் பெருக, முட்கள் குறைந்தன. பல புதிய சின்னக் கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த 1930களின் வாக்குவாதத்தில் கடைசியில் விளக்குதான் ஜெயித்திருக்கிறது.

நமக்கு என்ன?

2015 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு ஆற்றங்கரைப் பகுதிகளில் எத்தனை வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன! தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு திருப்பில் இன்ஜின் உடையும். மூழ்கிய வண்டியில் விளக்கு எரிகிறதா என்றுகூடப் பார்க்காதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள்.

மற்ற நாட்களுக்கு மூன்று பழக்கம் போதும்.

முதலாவது, தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி (பட்டன் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் அழுத்தி) ஒரு நொடி பாருங்கள். ஆயில், சார்ஜ், இன்ஜின் விளக்குகள் அப்போது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியாத விளக்குதான் அதிக ஆபத்து. பல்பு போயிருக்கலாம். பழைய கார் வாங்கும்போது, கோளாறை மறைக்க யாரோ கழற்றியும் இருக்கலாம்.

இரண்டாவது, நிறம். சிவப்பு என்றால் ஓரமாக நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் ஓட்டலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதையும் சிவப்பாகவே எண்ணுங்கள்.

மூன்றாவது, சூடு ஏறிப் பிறகு தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். நிறுத்துங்கள். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உறை போர்த்தி நிற்கும் அந்தப் பழைய வண்டி யாருடையது என்று நமக்கெல்லாம் தெரியும். 15 ஆண்டு முடிந்த வண்டியைச் சோதனை செய்து, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வழி உண்டு. டயரும் பேட்டரியும் மாற்றினால் ஓடக்கூடிய வண்டி என்றால், உதவிக்கு நம்மில் இரண்டு பேர் இருந்தாலே போதும். மீட்டரோ பல்போ தேவைப்பட்டால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தொலைவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் பிள்ளைகளை அழைத்து வந்து, அவரையே சாவியைத் திருப்பச் சொல்வோம். எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று அவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். பார்க்கிங் இடத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.